நாலாயிரம் மைக்ரான்

பிப்ரவரி 26. அடித்தகடு விலைப்பட்டியல், மூன்று கம்பெனிகள்: இலவசம்.
மார்ச் 9. என்ஜின் அடித்தகடு, இரும்பு, நாலு மில்லிமீட்டர்: 14,500.
மார்ச் 9. கியர்பாக்ஸ் அடித்தகடு, மேற்படி: 11,200.
மார்ச் 23. டீசல் டேங்க் அடித்தகடு, மேற்படி: 12,800.
மார்ச் 30. ரப்பர் விரிப்பு: 2,150.
மார்ச் 30. ஓரம் அடைக்கும் பசை, ஆறு டியூப்: 1,380.
மார்ச் 30. ஆயில் மாற்றி, தகடுகள் பொருத்திய கூலி: 5,000.
மார்ச் 30. ஆயில் துளைக்கு மூடி: 450. வாங்கவில்லை.
ஜூலை 8. என்ஜின்: 1,85,000.

மேலே கண்டவை கவர்க்காரர் தமது பிக்அப் வண்டியின் வயிற்றைப் பாதுகாக்கச் செய்த செலவுகள். கடைசித் தொகை, வயிறு நன்றாகப் பாதுகாக்கப்பட்டதால் வந்தது.

கவர்க்காரர் என்பது ஊர் வைத்த பெயர். கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் இடுக்கில், எட்டடி அகலத்தில் லேமினேஷன் கடை வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரத்தின் நகல், எது வந்தாலும் இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்துச் சூடான உருளைக்குள் விடுவார். மறுபுறம் அது விறைப்பாக வெளியே வரும். ஓரத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இனி காத்துகூடப் போகாது" என்று நீட்டுவார். ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டினால் ஆயுசுக்கும் பிரியாது என்பது அவருடைய தொழில் ரகசியம். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

வீட்டிலும் இதே ஆட்சிதான். டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. அந்த உறை அழுக்காகாமலிருக்க அதன்மேல் இன்னொரு உறை. இரண்டு உறைக்கும் மேலே அழுத்தினால் எந்தப் பட்டனும் வேலை செய்யாது. ஆகவே எழுந்து போய் டிவியிலேயே சேனல் மாற்றிவிட்டு வந்து உட்காருவார்கள். சோபாவின் பிளாஸ்டிக், கடையிலிருந்து வந்தபடியே பதினோரு வருடமாக இருந்தது. வெயில் காலத்தில் அதிலிருந்து எழுந்திருக்கும் விருந்தாளிகள் பிளாஸ்திரியைப் பிய்த்ததுபோல் முகம் சுளிப்பார்கள்.

"எனக்குத்தான் இன்னும் உறை போடல. அந்த மெஷின்ல நான் நுழைய மாட்டேன், அதனால பிழைச்சேன்" என்பார் அவருடைய வீட்டுக்காரம்மா.

இத்தனைக்கும் கவர்க்காரர் கஞ்சர் இல்லை. நல்ல பொருளாகப் பார்த்து வாங்குவார். வாங்கியதைத் தொடுவதுதான் பிடிக்காது.

அவருக்கு ஒரே மகள். மாப்பிள்ளைக்கு மலைமேல் ஒரு சின்ன அணையில் மதகு இயக்கும் வேலை. பணியாளர் குடியிருப்பும் அங்கேயேதான். தார் ரோடு முடிந்தபின் பதினோரு கிலோமீட்டர் வெறும் பாறைப் பாதை. முந்தைய வருடம் மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று தெரிந்து, இருவரும் தங்களுடைய சின்னக் காரில் கிளம்பிப் போனார்கள். பாதி வழியில் ஒரு கல், காரின் ஆயில் சம்பை, அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கியிருக்கும் தொட்டியை, பிளந்துவிட்டது. ஆயில் மொத்தமும் பாதையில் ஓடியது. வீட்டுக்காரம்மா கஞ்சி பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தே ஏறினார். கவர்க்காரர் கீழேயே நின்றுகொண்டார். பூட்டிய காரை யாராவது கீறிவிட்டால் என்ன செய்வது?

சாயங்காலம் ஒரு டிராக்டர் வந்து காரை இழுத்தது. கவர்க்காரர் காரோடு திரும்பிப் போனார். மகளை அந்த முறை அவர் பார்க்கவே இல்லை.

மகள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டுக்காரம்மா பெரிதுபடுத்தினார். "மகளைப் பாக்கப் போனாரா, காரைப் பாக்கப் போனாரான்னு நீங்களே கேளுங்க" என்று பக்கத்து வீட்டில் ஆரம்பித்து, தெருக்கோடி வரை ஒரு சுற்று வந்துவிட்டது.

இந்த வருடம் மகள் உண்டாகியிருந்தாள். ஜூன் கடைசியில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அணையின் ஜீப்பைக் கேட்டு வாங்கித் தானே கொண்டுவந்து விடுவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார்.

"வேண்டாம் மாப்ள. என் பொண்ணை நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றார் கவர்க்காரர்.

மறுமுனையில் போன் கைமாறியது. பிறகு மகளின் குரல் கேட்டது. "நிஜமாவாப்பா? மேல வரைக்கும் வருவீங்களா?"

அந்த 'மேல வரைக்கும்' அவரை நன்றாகவே குத்திவிட்டது. மறுநாளே சின்னக் காரை விற்றார். கரடுமுரடான பாதைக்கென்றே செய்த, நாலு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்அப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக முதுகு தரையில் பட மல்லாந்து படுத்து அதன் அடிவயிற்றைப் பார்த்தார். அங்கே கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த பாதுகாப்பு, மெல்லிய பிளாஸ்டிக் மடல் ஒன்று. விரலால் தட்டினார். படபடவென்று ஆடியது. வாழ்நாள் முழுதும் பிளாஸ்டிக்கை நம்பிப் பிழைத்தவர், அன்றுதான் முதல்முறையாகப் பிளாஸ்டிக்கைச் சந்தேகித்தார்.

அடுத்த ஒரு மாதம் கடையில் அவர் பேசியதெல்லாம் தகடு பற்றித்தான். அலுமினியமா, இரும்பா? அலுமினியம் எடை குறைவு, ஆனால் பாறையில் உரசினால் வழுக்காது, கவ்விக்கொள்ளும். இரும்பு கனம், ஆனால் வழுக்கிப் போகும். மூன்று மில்லியா, நாலா, ஐந்தா? ஐந்து போட்டால் முன்பக்கம் தாழ்ந்து, இடிக்க வேண்டாத கல்லெல்லாம் இடிக்கும். இவ்வளவும் அவர் சரியாகவே படித்துத் தெரிந்துகொண்டார். சான்றிதழ் லேமினேட் செய்ய வந்த கல்லூரிப் பையன்களுக்கு இந்தப் பாடத்தில் பரீட்சை வைத்திருந்தால் எல்லாரும் முதல் வகுப்பில் தேறியிருப்பார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஊருக்கு வெளியே இருக்கும் தகட்டுக்காரரின் ஒர்க் ஷாப்புக்குப் போனார். தகட்டுக்காரர் கனத்த உடம்பும் மெல்லிய குரலும் உடையவர். எந்த வண்டி வந்தாலும் அடியில் குனிந்து பார்த்து, உறவில் யாரோ தவறிவிட்டதுபோல் 'த்சொ' கொட்டுவார். அதற்கே பாதிப் பேர் பணத்தை எடுத்துவிடுவார்கள்.

கவர்க்காரர் பையிலிருந்து தமது தடிமன் அளக்கும் கருவியை எடுத்தார். லேமினேஷன் தாளின் கனத்தை அளக்க வைத்திருந்தது அது.

"இது எத்தனை மைக்ரான்?"

"மைக்ரானா? சார், இது இரும்பு. நாலு எம்எம்."

"அதான், எத்தனை மைக்ரான்?"

தகட்டுக்காரர் மனக்கணக்குப் போட்டார். "நாலாயிரம்."

கவர்க்காரர் கருவியை மெல்லப் பைக்குள் திரும்ப வைத்தார். அவர் கடையில் மலிவுத் தாள் நூற்றிருபத்தைந்து மைக்ரான். வசதியானவர்கள் கேட்கும் தாள் இருநூற்றைம்பது. நாலாயிரம் மைக்ரானில் ஒரு உறை இந்த உலகத்தில் இருக்கிறது என்பதையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று அங்கேயே எடுத்துவிட்டார். டீசல் டேங்க் மட்டும் இரண்டு வாரம் வெறும் வயிற்றோடு இருந்தது. அந்த இரண்டு வாரமும் தூக்கம் வராமல், அதற்கும் ஒன்று வாங்கினார்.

பொருத்துகிற நாளில்தான் தகராறு வந்தது. என்ஜின் தகட்டின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு துளை இருந்தது.

"இது என்ன ஓட்டை?"

"ஆயில் மாத்தறதுக்கு சார். இது வழியா நட்டைக் கழட்டினா ஆயில் இறங்கிடும். கசிஞ்சாலும் கீழ சொட்டும், தெரிஞ்சுக்கலாம்."

"கசியக் கூடாதுன்னுதானே தகடே போடறேன்? இந்த ஓட்டை வழியா கல் பூந்தா?"

"அதுக்குன்னு ஒரு மூடி இருக்கு. தனியா நானூத்தம்பது. வேணும்னா திறந்துக்கலாம், மூடிக்கலாம்."

கவர்க்காரர் சிரித்தார். ஓட்டையைப் போட்டு விற்றுவிட்டு, ஓட்டைக்கு மூடியையும் தனியாக விற்கிற வித்தையை அவரிடமே காட்டுவதா? தகட்டுக்காரரும் அன்று காலையிலிருந்து ஹாரன், பக்கப் படி, கூரை விளக்கு என்று ஒவ்வொன்றாக விற்கப் பார்த்துக்கொண்டிருந்தவர். அதனால் அவர் சொன்னதில் எது அக்கறை, எது வியாபாரம் என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடிந்திருக்காது.

"மூடியும் வேணாம், ஓட்டையும் வேணாம். வெல்டிங் வெச்சு அடைச்சிடுங்க."

"அடைச்சா ஒவ்வொரு தடவை ஆயில் மாத்தவும் தகட்டையே கழட்டணுமே சார்?"

"கழட்டுங்க. கூலிதானே? குடுத்துட்டுப் போறேன்."

கூலி என்ற சொல்லைக் கேட்டதும் தகட்டுக்காரரின் ஆட்சேபம் அடங்கிவிட்டது. துளையை அடைத்தார். தகடு என்ஜினில் உரசிச் சத்தம் போடாமலிருக்க நடுவில் தடிமனான ரப்பர் விரிப்பு போடச் சொன்னார் கவர்க்காரர், போட்டார். ஓரமெல்லாம் பசை வைத்து அடைக்கச் சொன்னார், அடைத்தார். போல்ட் தலைகளின் மேலும் பசை. எல்லாம் முடிந்ததும் கவர்க்காரர் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்த் தகட்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். காற்றுகூடப் போகாது.

அதற்கு முன்பே ஆயில் மாற்றியாகிவிட்டது. மாற்றும்போது நட்டுக்கு அடியில் போடும் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். தகட்டுக்காரர் பழையதையே போட்டு முடுக்கியிருந்தார். இது உலகத்தில் தினம் நடப்பதுதான். இரண்டாம் நாள் வாசலில் நாலு சொட்டு விழும், வண்டிக்காரர் வந்து கத்துவார், புது வாஷர் போட்டுக் கொடுப்பார்கள். இந்த வண்டியில் சொட்டு விழ வழியில்லை. அதனால் கத்தவும் வழியில்லாமல் போயிற்று.

இதிலும் ஒரு அழகு உண்டு. கவர்க்காரர் தினமும் காலையில் வண்டியை எடுத்தவுடன், அது நின்ற இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பார். ராத்திரியே அங்கே ஒரு வெள்ளைத் தாளை லேமினேட் செய்து விரித்து வைத்திருப்பார். தாள் பளிச்சென்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக்காரரிடம் காட்டுவார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு! ஒரே ஒரு சொட்டு இருந்தா சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல் விளக்கியபடியே தேடுவார். இல்லை. இப்படிப் பத்து வாரம். அதனால் பானெட்டைத் திறந்து, அளவுக் குச்சியை உருவி, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் யோசனை கவர்க்காரருக்கு ஒருமுறைகூட வரவில்லை. எதுவும் வெளியே போகாத வண்டியில் உள்ளே குறைவதெப்படி?

ஜூன் பதினோராம் தேதி காலை, கணவனும் மனைவியும் மலைக்குக் கிளம்பினார்கள். வண்டியில் இரண்டு ஸ்டெப்னி, இழுக்கும் கயிறு, முதலுதவிப் பெட்டி, மூன்று தார்ப்பாய். ஆயில் டப்பா மட்டும் எடுக்கவில்லை. அது சாய்ந்து கொட்டிவிட்டால் பின்பக்கம் விரித்திருக்கும் விரிப்பு என்னாவது?

தகடுகள் பிரமாதமாக வேலை செய்தன. பாறையில் ஏறும்போது அடியில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே கவர்க்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "நாலாயிரம் மைக்ரான்" என்பார். அடுத்த 'டங்'. மறுபடி "நாலாயிரம்".

"ரோட்டைப் பாருங்க. அதுக்கு நான் தலையாட்டிட்டேதான் இருக்கேன்" என்றார் வீட்டுக்காரம்மா. குலுங்கிய குலுக்கலில் அவர் தலை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது.

போனதடவை கார் நின்ற இடத்தையும் தாண்டினார்கள். வண்டி மேலே வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வாசலில் நின்ற மகள், அப்பா இறங்குவதைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் தெரிந்தது, அது சிரிப்பு மட்டும் இல்லை. விடிகாலையிலிருந்தே இடுப்பு வலிக்கிறதாம். சாதாரண வலி என்று நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"எத்தனை நேரத்துக்கு ஒருக்கா வருது?" என்று அம்மா கேட்டார். மகள் சொன்னாள். அம்மா போட வந்த காப்பியைப் போடாமலே பையைத் தூக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை மதகில் இருந்தார். மாற்று ஆள் வராமல் நகர முடியாது. அணை ஜீப் காலையிலேயே டீசல் பிடிக்கக் கீழே போயிருந்தது. "நீங்க இருக்கீங்கல்ல மாமா, எனக்கென்ன கவலை. பின்னாலயே வந்துடறேன்" என்று தொலைவிலிருந்தே கத்தினார்.

இறங்கும் வழியில் மகள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். வலி வரும்போதெல்லாம் எதிரில் இருந்த டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்தாள். அதன் நடுவில், எச்சரிக்கை விளக்குகள் இருக்கும் பகுதியின் மேல், கம்பெனி ஒட்டிய பாதுகாப்புத் தாள் அப்படியே இருந்தது. அதன்மேல் பல வருடத் தூசி. அவள் நகம் பட்டு ஒரு மூலை கிளம்பிவிட்டது.

"மெதுவாம்மா, அது பிரிஞ்சிடப் போகுது."

வலியில் இருந்த மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஒரே இழுப்பில் உரித்தெறிந்தாள். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு, சின்ன எண்ணெய்க் கிண்ணம் போன்ற படத்தோடு, ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா, ஆயில் லைட் எரியுது."

கவர்க்காரர் நிறுத்தினார். இறங்கிக் குனிந்து தரையைப் பார்த்தார். எழுந்து வெற்றியோடு வந்தார். "ஒரு சொட்டு இல்ல. லைட்டுதான் ரிப்பேர்."

"குச்சியை உருவிப் பாருங்கப்பா."

உருவினார். குச்சி, சலவை செய்து வைத்ததுபோல் உலர்ந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினார். அப்போதும் அப்படியே. பிறகு மெல்லத் தரையில் படுத்து அடித்தகட்டைத் தட்டினார். காலியாக இருந்தால் கணீரென்று கேட்க வேண்டிய தகடு, நிறைந்த குடம்போல் 'தொம்' என்றது. ஆயில் எங்கும் போகவில்லை. ரப்பர் விரிப்பில் ஊறி, நாலாயிரம் மைக்ரானுக்குள் மிகப் பத்திரமாக இருந்தது. என்ஜினுக்குள் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்பானரை எடுத்தார். போல்ட் தலைகளின் மேல் பசை கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"என்னங்க பண்றீங்க கீழ?" என்று வீட்டுக்காரம்மா கத்தினார்.

"இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும். மொத்தமா போயிடும்."

"அது போகும். இவளுக்கு என்ன ஆகும்னு சொல்லட்டுமா?"

மகள் கத்தவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "அப்பா, போனதடவை மாதிரி வண்டிகிட்ட நின்னுடாதீங்கப்பா" என்றாள்.

ஸ்பானரை அங்கேயே பாதையில் போட்டார். ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பினார். தமது அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை உபயோகித்தார்.

ஆயில் இல்லாத என்ஜின் சாகும் சத்தம் கேட்க நன்றாயிராது. முதலில் தையல் மெஷின்போல் தட்டியது. தார் ரோடு வந்தபோது யாரோ உள்ளே சுத்தியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்சீட்டிலிருந்த வீட்டுக்காரம்மா, கல்யாணமான நாள்முதல் அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: "இன்னும் வேகமாப் போங்க."

ஆஸ்பத்திரி வாசலில், வெளிக் கேட்டுக்கும் உள் கேட்டுக்கும் நடுவில், வண்டி ஒரு உதறு உதறி நின்றது. இனி அது நகராது. நர்ஸ்கள் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். மகளை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

"வண்டியை எடுங்க சார், ஆம்புலன்ஸ் வர்ற வழி" என்றார் காவலாளி.

"எடுக்க முடியாதுங்க."

"ஏன், சாவி தொலைஞ்சு போச்சா?"

"இருக்கு. நீங்களே வெச்சுக்குங்க" என்று சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, மகளுக்குப் பின்னால் ஓடினார். கதவு நாலும் திறந்தபடியே கிடந்தன.

அன்று மத்தியானம் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். சாயங்காலம் வந்த மாப்பிள்ளை, வாசலில் ஆறு பேர் ஒரு பிக்அப்பைத் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாருடையது என்று தெரியாமலே ஒரு கை கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

ஒர்க் ஷாப்பில் தகட்டைக் கழற்றினார்கள். பசையைச் சுரண்டவே அரைநாள் ஆயிற்று. ரப்பர் விரிப்பைப் பிழிந்தால் இன்னொரு வண்டிக்கு ஆயில் மாற்றலாம் என்கிற அளவுக்குத் ததும்பியது. தகட்டுக்காரர் தகட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாருங்க சார், அத்தனை பாறையில போயிட்டு வந்திருக்கு. ஒரு நசுங்கல் உண்டா? இதுதான் சார் குவாலிட்டி."

"இன்ஜின்?"

"அது போச்சு."

பழைய வாஷர் விஷயத்தைக் கேட்டபோது தகட்டுக்காரர் துளை விஷயத்தை ஞாபகப்படுத்தினார். துளை விஷயத்தைப் பேசியபோது கவர்க்காரர் வாஷரை ஞாபகப்படுத்தினார். கடைசியில் ஆயில் மாற்றிய கூலியை மட்டும் தகட்டுக்காரர் தள்ளுபடி செய்தார். புது என்ஜின் இறங்கியது. அடைத்த துளையை வெட்டித் திறந்தார்கள். மூடி போடலாமா என்று தகட்டுக்காரர் இந்த முறை கேட்கவில்லை.

கவர்க்காரர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தகடு செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். 'துளையை அடைக்கக் கூடாது' என்று தகட்டின் மேல் ஏன் பொறிக்கவில்லை என்பது அவர் கேள்வி. முதல் பதிலில், தங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். இரண்டாவது பதிலில், தகடு நசுங்கியிருந்தால் மாற்றித் தருவதாகவும், நசுங்கியதற்கான புகைப்படம் அனுப்பும்படியும் கேட்டிருந்தார்கள். அவர் நசுங்காத தகட்டைப் படம் எடுத்து அனுப்பினார்.

மூன்று மாதம் ஆகப்போகும் பேத்தியை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளும் வந்தது. அணை ஜீப்பைக் கொண்டுவரவா என்று மாப்பிள்ளை கேட்டார். மகள் போனை வாங்கி, "வேண்டாம். அப்பா கொண்டுவந்து விடுவார்" என்றாள். கவர்க்காரர் காதில் விழட்டும் என்றே சற்றுச் சத்தமாகச் சொன்னாள்.

கிளம்பும் நேரத்தில் கவர்க்காரர் பானெட்டைத் திறந்து குச்சியை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் ஆயில். அந்தக் கையாலேயே தபால்காரரிடம் உறையை வாங்கினார். உறையில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்தன. உள்ளே ஒரே வரி: துளையை அடைத்ததன் விளைவுகளுக்கு அதை அடைக்கச் சொன்னவரே பொறுப்பு; இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடிக்கப்படுகிறது.

"என்னவாம்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"சரியாத்தான் சொல்றான்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கம்பெனியின் அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி: செப்டம்பர் 4.